நான்கு தண்டுகளுக்கு நடுவே

மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் குமிழை நிறுத்தினால் சென்னை நிலையம் மட்டும் பேசும்; மற்றவை அடங்கிவிடும். ஏறத்தாழ அந்த அலை துடிக்கும் அதே வேகத்தில் துடிக்கும் மின்சாரத்தைக் கொண்டு மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரிக்க முடியும் என்று 1953இல் வழிகாட்டினார் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் வோல்ஃப்காங் பவுல். இதே வழியில் பிறந்த அயனிப் பொறிக்காக 1989இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எடைவாரியாகப் பிரிக்கும் அந்தக் கருவிக்குள் இருப்பவை ஒரு சாண் நீளமுள்ள நான்கு உலோகத் தண்டுகள். சதுரத்தின் நான்கு மூலைகளில் நட்டதுபோல இணையாக நிற்கும். நடுவிலுள்ள சந்து வழியாகத்தான் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள், போயாக வேண்டும். எதிரெதிர்த் தண்டுகள் ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்கு நிலையான நேர்மின்னழுத்தம், மற்றதற்கு எதிர்மின்னழுத்தம். அதற்கும் மேலாக, நொடிக்குப் பத்து லட்சம் தடவை மாறி மாறித் துடிக்கும் மின்னழுத்தம்.

நேர்மின் அயனி ஒன்று உள்ளே வருகிறது. நேர் ஜோடி அதை நடுவுக்குத் தள்ளும். கனமான அயனி அசைவதற்குள் துடிப்பு திசை மாறிவிடும். ஆகவே தள்ளல் மட்டுமே அதற்கு உறைக்கும், தப்பிவிடும். லேசான அயனியோ துடிப்புக்கெல்லாம் ஆடி, ஆட்டம் பெருகி, தண்டில் மோதி ஒழியும். எதிர் ஜோடியில் கதை தலைகீழ். கனமானதைத் தண்டு இழுத்துக்கொள்ளும். லேசானதை அதே துடிப்பு நடுவுக்கு மீட்டுவிடும். ஒரு சல்லடை நொய்யைக் கழிக்க, இன்னொன்று கல்லை நிறுத்த, அரிசி மட்டும் மிஞ்சுகிற மாதிரி. இரண்டு மின்னழுத்தங்களையும் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால், அடுத்தடுத்த எடைகள் வரிசையாக வெளியே வரும். எடை என்கிறேன், கறாராகச் சொன்னால், நிறையை மின்னேற்றத்தால் வகுத்த எண்.

இதில் என்னைக் கவர்ந்தது, கனத்த காந்தம் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான். அதனால் இது நிலா வரைக்கும் போனது. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இலிருந்து பிரிந்த மோதுகலத்தில், திருவனந்தபுரத்தில் உருவான 'சேஸ்' என்ற நான்கு தண்டுக் கருவி இருந்தது. சுமார் 25 நிமிடம் விழுந்துகொண்டே, 1 முதல் 100 வரையிலான நிறைகளை அது திரும்பத் திரும்ப அலசியது. 18 என்ற எண்ணில் ஒரு மேடு எழுந்தது. ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் இரண்டு: நீராவி. கலம் தென்துருவத்தருகே மோதி நொறுங்கியபோது, அந்த எண்கள் தாய்க்கலத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.