தொலைநகலுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே வாசல்

அலுவலகத் தொழில்நுட்பம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பொருள்தான். அலுவலகக் கணினி வலையத்தில் ஓர் அச்சு நுழைவாயிலை அமைத்து, அதன் வழியே தொலைநகலும் மின்னஞ்சலும் அனுப்புவது எப்படி என்பதுதான் அது.

"தொலைநகலா? அது இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று இளைஞர்கள் சிரிக்கலாம். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை, 2019 ஜனவரி முதல் புதிய தொலைநகல் இயந்திரங்களை வாங்கக்கூடாது என்று தடையே போட்டது. தடை போடும் அளவுக்கு அங்கே அது வேரூன்றி இருந்தது என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன். நம் பக்கத்திலும் சில மருத்துவமனைகள், வழக்கறிஞர் அலுவலகங்கள், சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் இன்னும் தொலைநகல் எண்ணைக் கேட்கின்றன. கேட்பவர் இருக்கும்வரை அனுப்புபவருக்கும் வழி வேண்டும் அல்லவா?

ஒரு சிறிய கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே உள்ள பழைய மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே வேலை, அறிக்கையை அச்சடிப்பது. கிராணி அதைத் தாளில் எடுத்து, தொலைநகல் இயந்திரத்தில் வைத்து, எண்ணை அழுத்தி, நிற்க வேண்டும். அச்சு நுழைவாயில் இந்த நடையை மிச்சப்படுத்துகிறது. வலையத்தில் அது ஓர் அச்சுப்பொறி போலவே காட்சி தரும். மென்பொருள் வழக்கம்போல் அச்சடிக்கும். நுழைவாயில் அதை வாங்கி, தொலைநகலாக வேண்டியதைப் படமாக மாற்றி மோடத்திற்கும், மின்னஞ்சலாக வேண்டியதைப் பி.டி.எஃப். கோப்பாக்கி மின்னஞ்சல் சர்வருக்கும் தள்ளிவிடும். லினக்ஸ் கணினியில் கப்ஸ், கோஸ்ட்ஸ்கிரிப்ட், ஹைலாஃபேக்ஸ் என்ற மூன்று இலவச மென்பொருள்களைக் கொண்டே இதைச் செய்யலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண அச்சுப்பொறி "யாருக்கு?" என்று கேட்பதே இல்லை. தாள் அதே அறையில் வந்து விழும். தவறாக அச்சடித்தால் கிழித்துப் போடலாம். நுழைவாயிலில் விழும் தாளோ கட்டடத்தை விட்டே வெளியே போகிறது. ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை முடிவு நிபுணர் மருத்துவரிடம் போகாமல் எங்கோ ஒரு மளிகைக் கடையின் இயந்திரத்தில் போய் விழுந்தால், அதை யார் கிழித்துப் போடுவது? அதனால்தான் சொல்கிறேன், நுழைவாயிலை அமைப்பதில் பாதி வேலை முகவரி பற்றியது.

முதலில் எளிய பகுதியை முடித்துவிடுவோம். நுழைவாயிலுக்கு மாறாத ஐ.பி. முகவரி கொடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் அச்சுப்பொறியைக் காணோம் என்று எல்லாரும் தேடுவார்கள். பயனர் கணினிகளில் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் போதும். தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் அமெரிக்க லெட்டர் அளவோடுதான் வருகின்றன. அது ஏ4-ஐவிடக் குட்டை. கடைசி வரிகள் வெட்டுப்படும், மருத்துவரின் கையெழுத்து அங்கேதான் இருக்கும். தொலைநகலில் ஒரு வரிக்கு 1728 புள்ளிகள், அவையும் கறுப்பு வெள்ளை மட்டுமே. வண்ணக் கட்டங்களும் சாம்பல் நிழலும் போட்ட தலைப்புத்தாள் மோடத்தைப் பல நிமிடம் திணறடிக்கும். தொலைநகலுக்கென்று நிழலில்லாத எளிய வார்ப்பு ஒன்று வைத்துக்கொள்வதே மேல்.

இனி, நுழைவாயிலுக்குத் தாள் எப்படி வந்து சேர்கிறது? 9100 என்ற போர்ட் வழியாக வந்தால், அனுப்பியவர் பெயர் தனியாக வராது, வெறும் அச்சுத் தரவுதான் வரும். 515 வழியாக வரும் எல்.பி.ஆர். முறையில் பயனர் பெயரும் வேலையின் தலைப்பும் கூடவே வருகின்றன. ஆனால் அந்தப் பெயர் கணினி தானாகச் சொல்லிக்கொள்வது, யாரும் சரிபார்ப்பதில்லை. 631 வழியாக வரும் ஐ.பி.பி. முறையில் கடவுச்சொல்லும் கேட்கலாம், குறியாக்கமும் செய்யலாம். பழைய மென்பொருளுக்கு 9100 மட்டுமே தெரியும் என்றால், அந்த ஒரு கணினிக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டு மற்றவற்றுக்கு மூடுங்கள். அனுப்பியவர் யார் என்று தெரியாத நுழைவாயில், தோல்வி அறிக்கையை யாரிடம் கொடுக்கும்?

பெறுநர் எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். சில அமைப்புகளில், அச்சு ஆணை கொடுத்ததும் திரையில் ஒரு பெட்டி தோன்றி எண்ணைக் கேட்கும். சிலவற்றில் அறிக்கையின் உள்ளேயே குறிப்பிட்ட அடையாளத்தோடு எண் எழுதப்பட்டிருக்கும், நுழைவாயில் அதைத் தேடி எடுக்கும். இந்த இரண்டாவது முறை கிராணிக்கு மிக வசதி. எனக்கு அதில்தான் பயமும். அச்சுத் தரவில் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை. எழுத்துருவைப் பொறுத்து அவை வெறும் வடிவங்களின் எண்களாகவும் வரலாம், இலக்கங்கள் துண்டு துண்டாகவும் வரலாம். யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கம்தான். தாளில் தமிழ் அழகாகத் தெரியும், தரவை எடுத்துப் பார்த்தால் ஆங்கிலக் குப்பை.

எண் பாதி கிடைத்தால் நுழைவாயில் என்ன செய்ய வேண்டும்? ஊகிக்கக் கூடாது. கடைசியாக அனுப்பிய எண்ணுக்கு அனுப்பவும் கூடாது. தாளை வரிசையில் நிறுத்தி வைக்க வேண்டும். கப்ஸ் மென்பொருளில் ஒரு வேலையைக் காலவரையின்றி நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. எண் முகவரிப் புத்தகத்தில் இருந்தால் போகட்டும், இல்லாவிட்டால் நிற்கட்டும். இந்த விதியை மட்டும் நான் யாருக்காகவும் தளர்த்தச் சொல்லமாட்டேன். "அவசரம்" என்பார்கள். தவறான இடத்திற்கு அவசரமாகப் போய் என்ன பயன்?

முகவரிப் புத்தகத்தில் எண்களை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு என்றால் +603, சிங்கப்பூர் என்றால் +65. வெளி அழைப்புக்கு முன்னால் 9 அழுத்த வேண்டுமா, சிங்கப்பூருக்கு 02 போடுவதா 0065 போடுவதா என்பதையெல்லாம் ஹைலாஃபேக்ஸின் எண் விதிக் கோப்பு பார்த்துக்கொள்ளும். ஒருவர் 9 சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் எழுதிவைத்த புத்தகத்தைக் காப்பாற்ற எந்த விதியாலும் முடியாது.

2010-இல் யூனிஃபை வந்த பிறகு பல அலுவலகங்களின் தொலைபேசியும் கண்ணாடி இழைக்குள் போய்விட்டது. குரலைச் சுருக்கி அனுப்பும் முறை தொலைநகலின் ஓசையைக் கெடுத்துவிடும். ஜி.711 என்ற சுருக்காத முறையோ, தொலைநகலுக்கென்றே உள்ள டி.38 முறையோ இருக்கிறதா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். பக்கங்கள் பாதியில் அறுந்தால் மோடத்தின் வேகத்தை 9600-க்கு இறக்கிப் பாருங்கள்.

மின்னஞ்சல் பக்கத்தில் சிக்கல் வேறு. நுழைவாயில் நேரடியாக வெளியுலகுக்கு அஞ்சல் அனுப்பக் கூடாது, அலுவலக அஞ்சல் சர்வர் வழியாகவே அனுப்ப வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் அனுப்புநரின் அடையாளச் சான்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. சான்றில்லாத அஞ்சல் குப்பைக் கூடைக்குப் போகும், அல்லது திரும்பி வரும். திரும்பி வருவது யாரிடம் வருகிறது? பல இடங்களில் அது யாரும் திறந்து பார்க்காத நிர்வாகப் பெட்டியில் போய்க் குவிகிறது. அச்சடித்தவரின் சொந்தப் பெட்டிக்கே அது வரும்படி அமையுங்கள்.

"போய்ச் சேர்ந்தது" என்ற சொல்லிலும் வேறுபாடு உண்டு. தொலைநகலில் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் எதிர்முனை இயந்திரம் பெற்றதாக ஒப்புதல் தருகிறது. மின்னஞ்சலில் அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே தெரியும். இரண்டிலுமே மருத்துவர் படித்தார் என்பதற்குச் சான்று இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட முடிவு என்றால் தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதற்கு இன்னும் மென்பொருள் வரவில்லை.

அனுப்பிய பிறகு நகல் எங்கே தங்குகிறது என்பதையும் பாருங்கள். கப்ஸ் மென்பொருளின் இப்போதைய பதிப்புகள், நாம் மாற்றாவிட்டால், அச்சான கோப்பை ஒருநாள் வைத்திருக்கும். ஹைலாஃபேக்ஸும் முடிந்த வேலைகளைத் துப்புரவு செய்யும்வரை வைத்திருக்கும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் உடல்நலத் தகவல் நுண்ணிய தரவு வகையைச் சேர்ந்தது. 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த நகல்களை யார் திறக்கலாம், எத்தனை நாளில் அழிய வேண்டும் என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். நுழைவாயிலின் போர்ட்கள் எதுவும் இணையத்தின் பக்கம் திறந்திருக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் கப்ஸின் துணை மென்பொருள்களில் வெளியான பாதுகாப்புக் குறைகள், 631-ஐ வெளியே திறந்துவைத்தவர்களைத்தான் அதிகம் கலங்கவைத்தன.

எல்லாம் முடிந்ததும் சோதனை. நல்ல எண்ணுக்கு ஒரு பக்கம் அனுப்பி, "ஆஹா, போகிறது" என்று மகிழ்ந்து கிளம்பிவிடுவார்கள். அது போதாது. எண் இல்லாத தாள் ஒன்றை அச்சடியுங்கள். ஓர் இலக்கம் குறைந்த எண்ணோடு ஒன்று, இல்லாத மின்னஞ்சல் முகவரியோடு ஒன்று. மோடத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒன்று. முதல் இரண்டும் வரிசையில் நிற்க வேண்டும், மற்ற இரண்டின் தோல்விச் செய்தியும் அச்சடித்தவரிடம் வர வேண்டும். பிறகு, நிற்கும் வரிசையைக் காலையிலும் மாலையிலும் திறந்து பார்க்க ஒருவரை நியமியுங்கள். அவர் விடுப்பில் போகும் நாளில் யார் பார்ப்பது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.