நூறுக்கு ஒன்று

தோழர்களே, நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை. கவிதை எழுதுகிறவன்; பகலெல்லாம் வங்கியில் அடுத்தவர் நோட்டை எண்ணுகிறவன். வடகொரியா பற்றிப் பேசச் சொன்னதும், ஒரு நோட்டிலிருந்தே தொடங்கலாம்னு தோணுச்சு.

2009 நவம்பர் 30. பழைய நூறு வொன்னுக்குப் புதிய ஒரு வொன் என்று அரசு அறிவித்தது. ஒரு குடும்பம் ஒரு லட்சம் வொன் வரைதான் மாற்றலாம். பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். கள்ளச் சந்தைக் கணக்கில் அந்த ஒரு லட்சம் சுமார் 40 டாலர். அதற்குமேல் இருந்ததெல்லாம் வெறும் காகிதம்.

அதற்குமேல் வச்சிருந்தது யாரு? 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் மலிவு எண்ணெய் நின்றது, உரமில்லை, மின்சாரமில்லை. 1995இல் வெள்ளம். ரேஷன் படுத்துவிட்டது. பஞ்சத்தில் ஆறிலிருந்து பத்து லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று ஆய்வாளர் பலர் கணக்கிடுகிறார்கள். அந்தக் காலத்தில்தான் கிம் ஜோங் இல் 'ராணுவமே முதல்' என்றார். சம்பளம் இல்லாவிட்டாலும் ஆண்கள் ஆலைக்குப் போய்த் தலையைக் காட்டணும். கல்யாணமான பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவங்கதான் சோளமும் சீனத் துணியும் கூறுகட்டி வித்துக் குடும்பத்தைக் காப்பாத்துனாங்க. திட்டப் பொருளாதாரத்தை உடைச்சது தத்துவம் இல்லை, பசி. 2003இல் அரசே சந்தையை அனுமதித்தது. 2007இல் இளம்பெண்கள் விற்கக் கூடாதென்று தடை போட்டது.

இன்னொண்ணு. அங்கே 'சோங்புன்' என்று ஒன்று உண்டு. பாட்டன் நிலக்கிழாரா, கூலியா, ஜப்பான்காரனுக்கு வேலை பார்த்தவனா என்பதை வைத்துப் பேரன் விசுவாசியா, ஊசலாடுகிறவனா, பகைவனா என்று பதிவு. படிப்பு, வேலை, பியோங்யாங்கில் குடியிருப்பு எல்லாம் அதன்படி. பிறப்பைப் பார்த்து இடம் ஒதுக்குவது என்றால் என்னவென்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறப்பை ஒழிக்க வந்த புரட்சி அதையே பேரேட்டில் எழுதி வைத்துக்கொண்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சந்தையில் மட்டும் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. காசு கொடுத்தால் பயண அனுமதி கிடைத்தது. 2009இல் அடி விழுந்தது அந்தக் காசு மேலேதான்.

அரிசி விலை ஏறியது, சந்தைகளை மூடினார்கள், ஜனங்க கொதிச்சாங்க. 2010 பிப்ரவரிக்குள் சந்தையைத் திறக்க வேண்டியதாயிற்று. பிரதமரே மன்னிப்புக் கேட்டதாகச் செய்தி வந்தது. அதன்பிறகு கையில் காசு சேர்ந்தவர்கள் வொன்னை நம்பவில்லை. யுவானும் டாலரும் வாங்கி வீட்டிலேயே ஒளித்தார்கள். கிம் ஜோங் உன் காலத்தில் சந்தைகளைக் கண்டும் காணாமல் விட்டார்கள். 2013இல் அணுகுண்டும் பொருளாதாரமும் சேர்ந்தே என்றார்கள். 2020இல் கொரோனாவைச் சொல்லி எல்லையை மூடியபின் தானிய விற்பனையை மறுபடி அரசின் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். கூறுகட்டி வித்த அந்தப் பெண்கள் கையிலிருந்து.

நேரமாச்சு. கேள்வி இருந்தா கேளுங்க.