துறைமுக நகரில் விருந்தினர்

மாநாடு கூட்டுவோர்க்குக் கவலைகள் மூன்று. பேச்சாளர் வருவாரா என்பது ஒன்று. உணவு போதுமா என்பது மற்றொன்று. வந்தவர்கள் எங்கே தங்குவார்கள் என்பது மூன்றாவது. முதலிரண்டைப் பற்றி எல்லோரும் பேசுவர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அதனையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். கொச்சியில் கூடிய ஒரு மாநாட்டில் வெளியூர்ப் பேராளர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அப்போது கண்டறிந்தவற்றை நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

கொச்சி ஓர் ஊரன்று; நீர் பிரித்துவைத்த பல ஊர்களின் கூட்டம். கிழக்கே எர்ணாகுளம். ரயில் நிலையங்களும் உயர்நீதிமன்றமும் பெரிய கடைவீதிகளும் அங்கேதான் உள்ளன. மேற்கே, கடலை அடுத்து, கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் உள்ளன. இரண்டுக்கும் இடையில் வில்லிங்டன் தீவு கிடக்கிறது. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் ஆக்கப்பட்ட நிலம் அது. முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டிய பின்னர், 1928இல் கடற்கப்பல் உட்துறைக்குள் புகுந்தது.

துறையின் கதை அதனினும் பழையது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளமே இந்த முகத்துவாரத்தை அகலத் திறந்தது என்பர். அதற்கு முன்பு புகழ் முழுவதும் வடக்கேயிருந்த முசிறிக்கு உரியது. பொன் கொடுத்து மிளகு வாங்கிய யவனர் வாணிகத்தை அகநானூறு அறியும். ஆகவே தமிழ் படித்தவர்க்கு இந்தக் கரை முற்றிலும் அயல்நாடு அன்று.

இனி, விருந்தினரை எங்கே தங்கவைப்பது? மாநாட்டு மண்டபம் எர்ணாகுளத்தில் இருந்தால், முதியோரையும் நோயுற்றோரையும் மண்டபத்துக்கு அருகிலேயே தங்கவைப்பது நலம். மற்றவர்களைக் கோட்டைக் கொச்சிக்கு அனுப்பலாம். அங்கே பழைய வீடுகள் பலவற்றில் குடும்பத்தாரே அறை கொடுத்து, காலையில் அப்பமும் கடலைக்கறியும் பரிமாறுகின்றனர். 1744இல் டச்சுக்காரர் கட்டிய போல்காட்டி மாளிகையும் இன்று விடுதியாகவே விளங்குகிறது.

தொலைவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சாலையிற் சென்றால் பாலங்களைச் சுற்றிவர நேரும். படகிற் சென்றால் நேரே கடக்கலாம். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுக்குக் கட்டணம் மிகக் குறைவு. 2023இல் மின்படகுகளைக் கொண்ட நீர்மெட்ரோவும் தொடங்கியது. மூன்று நாள் மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்தவருக்கு, நாள்தோறும் இருமுறை அந்த நீரைக் கடப்பதே ஒரு காட்சியாகும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகளைக் கூறாமல் விடலாகாது. டிசம்பர் இறுதியில் கோட்டைக் கொச்சியில் ஆண்டிறுதித் திருவிழா நடைபெறும். 2012 முதல் கலைத் திருவிழாவொன்றும் அந்தக் குளிர்காலத்தையே பற்றிக்கொண்டுள்ளது. அந்நாளில் அறை தேடுவோர் பல திங்கள் முன்னரே தேட வேண்டும். மற்றொன்று கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். யூதரின் பரதேசி ஆலயத்தில் சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளியன்றும் பார்வையாளர்க்கு இடமில்லை. மாநாட்டை வியாழனன்று முடித்து, வெள்ளியன்று ஊர் சுற்றலாம் என்று அட்டவணை அச்சிடுவோர் விருந்தினரைப் பூட்டிய கதவுகளின் முன்னே நிறுத்துகின்றனர். திங்களன்று தொடங்கும் மாநாடாயின், ஞாயிறன்றே வரச் சொல்வது அறிவுடைமை.

காண வேண்டியவை எவை? 1555 அளவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மட்டாஞ்சேரி அரண்மனையில் இராமாயணச் சுவரோவியங்கள் உள்ளன. 1568இல் எழுந்த பரதேசி ஆலயத்தின் தரையில் சீனத்து நீலவெள்ளை ஓடுகள் பதிந்துள்ளன. புனித பிரான்சிஸ் ஆலயத்தில், 1524இல் இவ்வூரில் இறந்த வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தைக் காணலாம். அவர் எலும்புகள் பின்னர் போர்ச்சுகல் சென்றன. கரையில் சீனவலைகள் நிற்கின்றன. கயிற்றிற் கட்டிய கற்களின் எடை ஒருபுறம் இழுக்க, சில ஆட்கள் சேர்ந்து அந்தப் பெருவலையை நீரிலிருந்து தூக்குகின்றனர்.

இவற்றுள் பெரும்பாலானவற்றை வழிகாட்டி நூல்கள் எல்லாம் சொல்லும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியில் ஒரு வண்ணான் துறை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடை வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே உழைக்கின்றனர். கல்தொட்டிகளும், வெயிலில் அசையும் வெள்ளைத் துணி வரிசைகளும் கண்ணைக் கவரும். ஆனால் அது கண்காட்சியன்று, ஒருவருடைய வேலையிடம். யூதத் தெருவும் அத்தகையதே. 1948இல் இசுரேல் தோன்றிய பின்னர் அங்கிருந்தோர் பெரும்பாலோர் குடிபெயர்ந்தனர். கடைகள் மிகுந்தன, வீட்டுக்காரர் அருகினர். எஞ்சியவரைப் பழம்பொருள்போல் நோக்கி நிற்பது நாகரிகம் ஆகாது.

நம்மவர் விருந்தோம்பலை ஓர் அறமாகப் போற்றுவர். அந்த அறம் இருபாற்பட்டது. ஓம்புவோனுக்குக் கடமை இருப்பதுபோல விருந்தினனுக்கும் கடமை உண்டு. சீனவலைக்காரர் வலையைத் தூக்க நம்மையும் கைகொடுக்கச் சொல்வர். பின்னர்ச் சிறிது பணம் எதிர்பார்ப்பர். அதைக் கண்டு முகம் சுளிப்போரைக் கண்டிருக்கிறேன். மீன் குறைந்து வருமானம் சுருங்கிய நாளில், அந்த வலையைப் பழுதுபார்த்து நிறுத்திவைத்திருப்பதே பெருஞ்செலவு. வலை நிற்பதால்தானே நாம் காணச் செல்கிறோம்?

ஆகையால் மாநாடு கூட்டுவோர்க்கு என் வேண்டுகோள் இதுதான். பேராளருக்குக் கொடுக்கும் பையில் உரைநிரலோடு ஒரு தாளையும் சேர்த்து வையுங்கள். படகு புறப்படும் துறை, மூடும் கிழமைகள், தங்கும் தெருவின் வழி ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அவற்றின் கீழே, அந்த ஊரில் யார் வாழ்கின்றனர் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். கப்பல்கள் வந்து போகும் ஊருக்கு விருந்தினர் புதியவரல்லர். மிளகுக்கும் ஆட்சிக்கும் வந்தவர் பலரை அது கண்டிருக்கிறது. மூன்று நாள் இருந்து, நலம் விசாரித்து, நல்ல பெயரோடு திரும்பும் விருந்தினரையும் அது காணட்டும்.