அறிவியல் உதவித்தொகை வரிசையில் நம் பிள்ளைகள் எங்கே?

(வணிகர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று ஒரு பணக் கணக்கோடு உங்கள் முன் நிற்கிறேன். கடைத்தெருவில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-ல் 'இன்ஸ்பயர்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு பகுதி உயர்கல்வி உதவித்தொகை. பிளஸ் டூ பொதுத்தேர்வில், தான் எழுதிய போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வருகிற மாணவர், பி.எஸ்சி. வகுப்பிலோ ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வகுப்பிலோ சேர வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், புள்ளியியல் போன்ற அடிப்படை அறிவியல் பாடமாக இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்து தேர்வானால் ஆண்டுக்கு 80,000 ரூபாய். ஐந்தாண்டு முழுவதும் நன்றாகப் படித்தால் 4 லட்சம். ஆண்டுக்கு 12,000 மாணவர்களுக்கு என்று இந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இதில் இடம் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கூடப் பட்டியலில் இல்லை.

இந்த 80,000-ஐப் பிரித்துப் பாருங்கள். மாதம் 5,000 வீதம் 60,000 ரூபாய் படிப்புச் செலவுக்கு. மீதி 20,000 எதற்கு? கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரின் கீழ் அமர்ந்து ஒரு சிறு ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். அதற்குத்தான் அந்த 20,000. என் பார்வையில் 60,000-ஐ விட இந்த 20,000 தான் பெரிது! பதினெட்டு வயதுப் பிள்ளை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, விடை எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கேள்வியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டுகிறான். கடையில் பையனை எடுபிடியாகச் சேர்த்துத் தொழில் பழக்குகிறோமே, அதே முறைதான்.

"எல்லாம் சரி ஹஜ்ரத், பிசிக்ஸ் படித்து என்ன செய்வது? கடைசியில் கல்லாவுக்குத்தானே வர வேண்டும்?" என்று வியாபாரிகள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதல் போடுகிறவன் வரவைக் கேட்கத்தான் செய்வான்.

சொல்கிறேன், கேளுங்கள். எம்.எஸ்சி. முடித்து, தகுதித் தேர்வில் தேறி, பி.எச்டி. ஆய்வில் சேர்கிற மாணவருக்கு மத்திய அரசின் ஜூனியர் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி வேறு. படிக்கிற பிள்ளைக்கு மாதம் 37,000! நம் கடைத்தெருவில் எத்தனை பட்டதாரிப் பிள்ளைகள் அந்தச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள்? பி.எஸ்சி. என்றால் வேலை கிடைக்காதவன் படிப்பு என்ற எண்ணம் பழைய கணக்குப் புத்தகத்தில் எழுதியது. அதைத் திருத்த வேண்டும்.

நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் எழுந்தது. திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் 1951-ல் கல்லூரி கண்டார்கள். தோல் மண்டிக்காரர்களும் வணிகர்களும் பொருள் தந்த காலம் அது. அவர்கள் கட்டிய கட்டடங்களுக்குள் இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் இன்றும் இருக்கின்றன.

அப்துல் கலாம் எந்தப் படிப்பிலிருந்து வந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல்! அதன் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி. அங்கே சேரக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. ராமேஸ்வரத்துக் குடும்பத்தால் அதைப் புரட்ட முடியவில்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இதைக் கலாம் தம் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். பிறகு ஒரு நாள், விமான வடிவமைப்பு வேலை திருப்தியாக இல்லை, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை போய்விடும் என்று பேராசிரியர் எச்சரித்தார். இரவெல்லாம் உட்கார்ந்து முடித்தார். உதவித்தொகை என்பது சும்மா வருவதல்ல, போனால் குடும்பம் தாங்காது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

இனி, மூடப்பட்ட கதவுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1963-ல் டெல்லியில் வெறும் 10 உதவித்தொகையோடு தேசிய அறிவியல் திறன் தேடல் தொடங்கியது. மறு ஆண்டே நாடு முழுக்க 350 ஆனது. எழுத்துத் தேர்வோடு மாணவனே செய்த ஆய்வறிக்கையையும் அன்று கேட்டார்கள். பின்னாளில் எல்லாப் பாடங்களுக்கும் விரிந்து, 2,000 பேருக்குத் தரும் அளவுக்கு வளர்ந்தது. 2021-க்குப் பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது.

1999-ல் 'கிஷோர் வைக்யானிக்' என்ற இன்னொரு திட்டம் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் நடத்தியது. பிளஸ் ஒன், பிளஸ் டூ, பி.எஸ்சி. முதலாண்டு மாணவர்கள் எழுதலாம். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! தமிழில் படித்த கீழக்கரைப் பிள்ளையும் மேலப்பாளையத்துப் பிள்ளையும் என்ன செய்வார்கள்? மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போடப்பட்டது. 2021 நவம்பரில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போய், 2022 மே மாதம்தான் நடந்தது. அதே ஆண்டில் அந்தத் திட்டத்தையே இன்ஸ்பயரோடு சேர்த்துவிட்டார்கள். மொழிக்காகப் போராடிக் கதவு திறக்கும் என்று பார்த்தால், கதவையே கழற்றிக்கொண்டு போனார்கள்! சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மவுலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-23 முதல் நின்றது. அதைப் பற்றிப் பல கூட்டங்களில் பேசிவிட்டோம். குரல் கொடுப்பதை விடக்கூடாது. ஆனால் திறந்திருக்கும் கதவுக்குள் போகாமல், மூடிய கதவின் முன் மட்டும் நின்று கோஷம் போடுவது என்ன புத்திசாலித்தனம்?

வெளியே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 1942 முதல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்கு ஓர் அறிவியல் போட்டி நடக்கிறது. முதலில் வெஸ்டிங்ஹவுஸ், பிறகு இன்டெல், 2017 முதல் ரீஜெனரான் நிறுவனம் அதற்குப் பணம் தருகிறது. தானே செய்த ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி அனுப்ப வேண்டும். 300 பேரைப் பொறுக்கி, அதில் 40 பேரை வாஷிங்டனுக்கு அழைப்பார்கள். அந்த 40 பேருக்கும் குறைந்தது 25,000 டாலர், முதல் பரிசு 2,50,000 டாலர். இந்தப் போட்டியில் தேறிய பிள்ளைகளில் பலர் பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார்கள். ஷெல்டன் கிளாஷோ, ரோல்ட் ஹாஃப்மன், வால்டர் கில்பர்ட் எல்லாம் அந்த வரிசைதான். பணம் தருவது அரசாங்கமல்ல, கம்பெனிக்காரர்கள். வியாபாரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்!

நம் ஊரில் சிறு பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. இன்ஸ்பயர் 'மானக்' விருதுக்குப் பள்ளிகள் மாணவர்களின் புதுச் சிந்தனைகளைப் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். மாவட்டக் கண்காட்சி, மாநிலம், தேசியம் என்று மேலே போகலாம். பள்ளி பதிவு செய்தால்தான் உண்டு. பிள்ளை தானாக அனுப்ப முடியாது. நம் சமுதாயப் பள்ளிகளின் தாளாளர்களே, உங்கள் பள்ளி இந்த ஆண்டு பதிவு செய்ததா? தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்த்தீர்களா?

ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். நம் வீடுகளில் நன்றாகப் படிப்பது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மார்க் ஷீட் கையில் வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுகிறார்கள். முதல் 1 சதவீதத்தில் வந்த பெண்ணுக்கு அரசாங்கம் தர வேண்டிய 4 லட்சத்தை விட்டுவிட்டு, அவள் நகைக்கு வாப்பா கடன் வாங்குகிறார்! மார்க்கம் தடுத்ததா இதை? இல்லை. ஊர் வழக்கம் தடுக்கிறது. ஊர் வழக்கத்தை ஊர்தான் மாற்ற வேண்டும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கட்-ஆஃப் எவ்வளவு என்று பாருங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பம் இணையத்தில் மட்டுமே. கடைசித் தேதி ஆண்டுதோறும் மாறுகிறது. பத்தாம் வகுப்புச் சான்று, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், வங்கிப் பாஸ் புத்தகம் இவற்றோடு, இந்தப் பாடத்தில்தான் படிக்கிறார் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அலைந்தே தேதியைத் தவற விடுகிற பிள்ளைகள் உண்டு. முதலிலேயே வாங்கி வையுங்கள். வயது 17-லிருந்து 22-க்குள் இருக்க வேண்டும்.

ஜமாஅத் செயலாளர்களே! ரிசல்ட் வந்த அடுத்த ஜும்ஆவில், மஹல்லாவில் அறிவியல் பிரிவில் அதிக மார்க் வாங்கிய ஆண், பெண் பிள்ளைகளின் பெயரை எழுதி எடுங்கள். ஜமாஅத் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த வாலிபர் இருவரை ஒரு வாரம் உட்கார வையுங்கள். கடை வைத்திருப்பவர்கள் இன்டர்நெட் செலவையும் டீச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பம் போனதும் எங்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.