காலத்தோடு மாறும் கடையும் மாறாத அமானிதமும்





மக்காவைத் துறந்து வெறுங்கையுடன் மதீனா வந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள். ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்திற் பாதியை அவருக்கு வழங்க முன்வந்தார்கள். அவரோ அதனை அன்போடு மறுத்து, கடைத்தெரு எங்கேயென்று வினவினார். பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாக ஈட்டித் திரும்பினார். ஊர் புதிது, மக்கள் புதியவர்கள். எனினும் அவர் சந்தையை நேரிற் சென்று பார்த்தே தொழிலைத் தொடங்கினார்.

இப்பாடம் இன்று நமது ஊர்க் கடைகளுக்கு மிகவும் அவசியமாகின்றது.

1983ஆம் ஆண்டு கொழும்பு ஸ்டேபிள் வீதியில் கார்கில்ஸ் நிறுவனம் தனது முதலாவது ஃபூட் சிட்டியைத் திறந்தது. இன்று அத்தகைய பேரங்காடிகள் சிறு நகரங்களையும் எட்டிவிட்டன. சம்பளம் கிடைத்ததும் அரிசி, சீனி, பருப்பு, சவர்க்காரம் யாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுவோர் பலர். தெருமுனைக் கடைக்கு அவர்கள் வருவது ஓர் இறாத்தல் பாணுக்கும், மறந்துபோன தீப்பெட்டிக்குமே.

"வாடிக்கையாளர் நன்றி மறந்துவிட்டனர்" என்று சலித்துக்கொள்வதாற் பயனில்லை. அவர்கள் ஏன் அங்கு செல்கின்றனர் என்று சிந்தியுங்கள். அங்கே விலை எழுதப்பட்டிருக்கின்றது. காலாவதித் திகதியைப் பார்த்து எடுக்கலாம். பற்றுச்சீட்டுக் கிடைக்கின்றது. பெண்கள் கூச்சமின்றி, நிதானமாகத் தெரிவு செய்யலாம். இவற்றுள் எதற்கும் பெருமூலதனம் தேவையில்லை. விலைகளைக் காட்சிப்படுத்துவதும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வணிகர்மீது விதித்துள்ள கடமைகளுமாகும்.

நேயர்களே! சிறு கடையின் பலம் எதுவென்பதை இரண்டு சோதனைக் காலங்கள் நமக்குக் காட்டின. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, தொலைபேசியில் ஓடரைக் கேட்டெழுதி வீட்டு வாசலுக்குப் பொருள் அனுப்பிய கடைக்காரர் பலர் புதிய வாடிக்கையாளரைப் பெற்றனர். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. கிலோக் கணக்கில் வாங்கியவர் 250 கிராமும் 100 கிராமும் கேட்டு நின்றனர். அவ்வேளையில் மூட்டையைப் பிரித்துச் சிறு பைகளாகக் கட்டிக் கொடுத்த கடையே ஏழையின் அடுப்பை எரிய வைத்தது.

ஆனால் சிறு பையிலேதான் பெரும் சோதனையும் இருக்கின்றது. பத்துக் கிராம் குறைந்தாற் கண்ணுக்குத் தெரியாது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை எச்சரிப்பதற்கென்றே 'அல் முதஃப்பிஃபீன்' என்னும் அத்தியாயம் அருளப்பட்டிருக்கின்றது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை, அதனை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். காலாவதியை நெருங்கும் பொருளை முன்னே வைத்து, விலையைக் குறைத்து, உண்மையைச் சொல்லி விற்பதே அதன் இன்றைய வடிவமாகும்.

அடுத்தது கடன் கொப்பி. எந்தப் பேரங்காடியும் மாத முடிவுவரை தவணை சொல்லி ஒருவருக்குப் பருப்புக் கொடுப்பதில்லை. அந்த நம்பிக்கை நமது கடைக்கே உரியது. எனினும் இரு தரப்பும் பாராத கணக்கு உறவை முறிக்கும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியதே (2:282). ஆகவே ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் திகதியிட்டு எழுதி, வாடிக்கையாளரிடமும் ஒரு பிரதியைக் கொடுங்கள். மெய்யாகவே கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் அளியுங்கள். கடனுக்கு ஓர் எல்லையையும் வகுத்துக்கொள்ளுங்கள். முதல் முழுவதும் கொப்பியில் உறங்கினால் மறுநாள் சரக்கு வாங்க வழியிராது.

பெற்றோர்களே! "நாற்பது வருடமாக இப்படித்தான் நடத்துகின்றேன்" என்று கூறி மகனின் யோசனையைத் தட்டிவிடாதீர்கள். அலமாரியொன்றின் பொறுப்பையாவது அவனிடம் ஒப்படையுங்கள். எது விற்றது, எது தேங்கியது என்பதை அவன் நாள்தோறும் எழுதட்டும். வட்ஸ்அப்பில் வரும் ஓடர்களையும், கைத்தொலைபேசி மூலம் பணம் பெறுவதையும் அவன் கவனிக்கட்டும். மதிப்பில்லாத இடத்தில் எந்தப் பிள்ளையும் தங்கமாட்டான். அவன் கடல் கடந்து போன பின்னர் கடைக் கதவை மூடிவிட்டு வருந்துவதில் என்ன பயன்?

இளைஞர்களே! வாப்பாவின் கடையைப் பழமையென எள்ளாதீர்கள். எந்த வீட்டில் நோயாளி இருக்கின்றார், எவர் வாக்குத் தவறாதவர் என்பதை உங்கள் வாப்பா அறிவார். அவ்வறிவு எந்தக் கருவியிலும் இல்லை, அருகிருந்து கற்றுக்கொள்ளுங்கள். கண்ணாடி முகப்பும் குளிரூட்டியும் வேண்டுமென்று வட்டிக் கடனில் வீழ்ந்துவிடாதீர்கள். முதலில் கடையைக் கூட்டித் துப்புரவாக்குங்கள், விலையை எழுதுங்கள், இன்முகம் காட்டுங்கள். எஞ்சியவற்றை இலாபத்திலிருந்து படிப்படியாகச் செய்யலாம்.

வியாபாரத்தின் முறை காலத்துக்குக் காலம் மாறும். நாணயம் மாறலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடக்கும் கடையிலேயே பரக்கத் நிலைக்கும்.

வல்ல அல்லாஹ் நமது சம்பாத்தியத்தை ஹலாலானதாக ஆக்கி, நம் பிள்ளைகளையும் அந்த வழியில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.