கடவுச்சொல் எங்கே திறக்க வேண்டும்?

சந்தவாசலுக்கு மேலே, மலைப்பள்ளிகளில் சிக்னல் கிடைக்காத நாளில், எமிஸ் பதிவுக்காகச் சிலர் கீழே இறங்கி, கணினி மையத்தில் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதியும் பெற்றோர் கைபேசி எண்ணும் அதோடு வெளியாள் கைக்குப் போகின்றன.

கணக்கு பள்ளியிலும் வட்டார வள மையத்திலும் மட்டும் திறக்கும்படி இடக்கட்டுப்பாடு வைத்தால், அந்தக் கடவுச்சொல் வெளியே செல்லாக்காசு. பள்ளியோடு நிறுத்தினால் மலை ஆசிரியர்தான் முதலில் வெளியே நிற்பார். அதனால்தான் வள மையத்தையும் சேர்க்கச் சொல்கிறேன்.

இதுவும் முழுப் பூட்டல்ல. ஜிபிஎஸ்ஸை ஏமாற்றச் செயலிகள் உண்டு. ஆசிரியர் கைபேசிக்கு ஓடிபியும் வர வேண்டும். அதையும் படித்துச் சொல்லிவிட்டால், என்ன செய்ய!

தரவுப் பணியை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவருக்கே என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்நிறுவனத்தின் கணக்கும் அதன் அலுவலகத்தில் மட்டுமே திறக்கட்டும்.