புதிய இருதயத் தசை: நம்பிக்கையும் எச்சரிப்பும்

(எங்கள் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



 "ஸ்டெம் செல் ஊசி போட்டால் இருதயம் சரியாகிவிடுமா?" என்று எங்கள் இருதய நோயாளிகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதைக்குறித்தே பேச விரும்புகிறோம்.

கையில் வெட்டுப்பட்டால் தோல் கூடிவிடுகிறது. மாரடைப்பில் செத்த இருதயத் தசையோ அப்படித் திரும்ப வளர்வதில்லை. அங்கே தழும்பு விழுகிறது. தழும்பு சுருங்கி விரியாது. மீதித் தசை எல்லாப் பாரத்தையும் சுமந்து களைத்துப்போகிறது. மூச்சிரைப்பும் கால்வீக்கமும் இதனால்தான்.

1998-ல் அமெரிக்காவில் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்த்தார்கள். கரு அழிக்கப்பட்டதால் விசுவாசிகள் அநேகருடைய மனச்சாட்சி இதற்கு இடங்கொடுக்கவில்லை, அது நியாயமே. 2006-ல் ஜப்பானின் கியோட்டோவில் டாக்டர் ஷின்யா யாமனாகா, எலியின் செல்லில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி அதை ஆரம்ப நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டு மனிதத் தோல் செல்லிலும் அது கைகூடியது. கருவே தேவைப்படவில்லை! 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் செல்களுக்கு ஏற்ற பொருட்களை ஏற்ற நாட்களில் கொடுத்தால் இருதயத் தசையாக மாறி, ஆய்வுக்கூடத் தட்டிலேயே துடிக்கின்றன. சிருஷ்டிகரைத் துதியாமல் இருக்க முடியுமா?

2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவர்கள் இத்தகைய தசையை மெல்லிய தாள்போலச் செய்து ஒரு நோயாளியின் இருதயத்தின்மேல் வைத்தார்கள். தடிமனான தசை செய்வதுதான் கடினம். இரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தூரத்துக்குமேல் பிராணவாயு எட்டாது. உள்ளே இருக்கும் செல்கள் மடிந்துபோகும். ஆகவே குழாய்களையும் சேர்த்தே வளர்க்கப் பாடுபடுகிறார்கள். புதிய தசை பழைய இருதயத்தோடு இசைந்து துடிக்காவிட்டால் துடிப்பே தாறுமாறாகும் ஆபத்தும் உண்டு.

இரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் நெறிமுறை வகுத்தது. ஆனாலும் விற்பவர்கள் விற்கிறார்கள். ஒரு சகோதரன் நிலத்தை விற்று, வெளியூரில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, வழக்கமான மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, மூச்சுத்திணறலோடு எங்களிடம் வந்தார்.

அந்த மாத்திரைகளை இப்பொழுது உங்கள் காணிக்கையிலிருந்து கொடுத்துவருகிறோம். உட்கார்ந்தே இரவைக் கழித்தவர் படுத்துத் தூங்குகிறார். நிலம் போனது போனதுதான். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.